பேருக்குப் போனேன்

என் அலுமாரியின் கீழ்த்தட்டில், பழைய வினாத்தாள் கட்டுகளுக்கு நடுவில், ஒரு சின்னப் பொட்டலம் கிடக்கிறது. உள்ளே 300 துண்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றும் ‘பிழை திருத்தம்: பக்கம் 31, இரண்டாம் பந்தி’ என்று தொடங்கும். ஹட்டனில் கைக்காசு கொடுத்து அச்சடித்தவை. அடித்த நாளிலிருந்து ஒன்றைக்கூட எந்தப் புத்தகத்திலும் நான் ஒட்டவில்லை. பொங்கலுக்கு வீடு துடைக்கும்போது மனைவி அதைத் தூக்கிப் பார்த்து, “இது வேணுமாங்க?” என்பாள். இருக்கட்டும் என்பேன்.

அந்த 31ஆம் பக்கத்தை எழுதியது நானில்லை. என்னுடைய குற்றமே அங்கேதான் தொடங்குகிறது.

2023ஆம் வருடம். இலங்கையின் மலையகம் முழுக்க, எங்கள் சனம் தோட்டங்களுக்கு வந்து 200 வருடம் என்ற பேச்சாக இருந்தது. 1823இல் கம்பளைக்குப் பக்கத்தில் சிங்ஹபிட்டியவில் கோப்பி பயிரிட்டதிலிருந்து போட்ட கணக்கு. ஜூலைக் கடைசியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் நடந்து வந்த வழியிலேயே, ஒரு நடைபயணம் போனது. அந்தச் சூட்டில் என் பழைய மாணவர்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். வயசாளிகள் பத்துப் பேரைப் பேச வைத்து ஒரு சின்னப் புத்தகம் போட வேண்டுமாம். “சேர்தான் எழுதணும். சேரும் தோட்டத்து லயத்துல பொறந்தவரு, தமிழும் படிச்சவரு.” இந்த மாதிரிப் புகழ்ச்சிக்கு நான் எப்போதுமே விழுந்துவிடுவேன். சரி என்றேன்.

சரி என்ற பிறகுதான் வேலையின் அளவு தெரிந்தது. பத்துப் பேர், ஆளுக்கு மூன்று மணி நேரம். அதைக் கேட்டு, எழுத்தாக்கி, ஒழுங்குபடுத்தி எழுத வேண்டும். பாடசாலையிலோ சாதாரண தர வகுப்பு, பயிற்சிப் பரீட்சை, விடைத்தாள் கட்டு. அப்போதுதான் என் போனில் குடிவந்திருந்த செயற்கை நுண்ணறிவு நினைவுக்கு வந்தது.

அதற்குள் எனக்கும் அதற்கும் நல்ல சிநேகம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் அரசாங்கக் கடிதம் பாதி சிங்களத்தில்தான் வரும். சேமலாப நிதிப் பணம், காணி, பிறப்புச் சான்றிதழ் என்று ஏதாவது ஒரு காகிதத்தை மடித்துப் பிடித்தபடி யாராவது வாசலில் நிற்பார்கள். முன்பு நான் சிங்கள மாஸ்டரைத் தேடிப் போவேன். இப்போது படம் எடுத்துக் கொடுத்தால் இயந்திரம் நிமிடத்தில் தமிழாக்கித் தருகிறது, பதில் கடிதத்தையும் சிங்களத்தில் எழுதித் தருகிறது. அனுப்பும் முன் சிங்கள மாஸ்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவேன். அவர் ஒன்றிரண்டு சொல்லை மாற்றுவார், அவ்வளவுதான். அலைச்சல் மிச்சமான எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த இயந்திரத்தைத் திட்டித் தீர்க்க வரவில்லை. திட்ட வேண்டிய ஆள் வேறு.

பதிவு செய்த பத்துப் பேரில் நாலாவது ஆள், என் அம்மாவின் சிநேகிதி. எனக்குப் பெரியம்மா முறை. ஹட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் இடையில் ஒரு தோட்டம். வயது 78 என்றார். அடையாள அட்டையில் ஒன்று கூடக்குறைய இருக்கலாம் என்றும் சொன்னார். பதினான்கு வயதில் கூடை தூக்கியவர். அவர் அக்காவின் குடும்பம் 1973இல் இந்தியாவுக்குப் போய்விட்டது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டதன் பலன். 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே லயத்து அறையில், ஒரே காம்பராவில் பிறந்த அக்கா அங்கே, தங்கை இங்கே. ஹட்டன் ஸ்டேசனிலிருந்து தலைமன்னாருக்கு இவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. அங்கிருந்து கப்பல், அப்புறம் இராமேஸ்வரம், மண்டபம் முகாம்.

பெரியம்மா பேசத் தொடங்கி இரண்டு மணி நேரம் இருக்கும். அக்கா புறப்பட்ட நாளுக்கு வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து பாடசாலை அதிபரிடமிருந்து அழைப்பு. நல்லவேளை, பேசுவது இந்த போனில், பதிவது மருமகனிடம் இரவல் வாங்கிய இன்னொரு போனில். அதைக் கையால் காட்டி, “நீங்க சொல்லிக்கிட்டு இருங்க பெரியம்மா, அது கேட்டுக்கிட்டு இருக்கு” என்று சொல்லிவிட்டு வெளி இஸ்தோப்புக்கு வந்தேன். பரீட்சை மண்டப ஒழுங்கு பற்றிப் பத்து நிமிடப் பேச்சு. திரும்பி உள்ளே போனபோது அவர் பேச்சை நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லாம் சொல்லிட்டீங்களா?” “சொல்லிட்டேன்.” பிளேன்டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஒலியை எழுத்தாக்கும் செயலி ஒன்றில் மொத்தத்தையும் கொடுத்தேன். அது கொட்டிக் கொடுத்ததை அள்ளி அடுத்த இயந்திரத்திடம் கொடுத்து, நான் தட்டிய கட்டளை இன்னும் போனில் இருக்கிறது: ‘இதை நல்ல தமிழில், தன்மைக் கூற்றாக, உருக்கமாக, 800 சொற்களில் எழுதித் தரவும்.’ உருக்கமாக என்ற சொல் என்னுடையது. அது தானாகக் கண்டுபிடித்ததில்லை.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. வந்ததை வாசித்தபோது என் கண் கலங்கியது. மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் கலங்கியது. 31ஆம் பக்கத்து இரண்டாம் பந்தி இப்படி இருந்தது:

‘அன்று பெயருக்காகத்தான் ரயில் நிலையம் வரை சென்றேன். ஆனால் புகையிரதம் மெல்ல நகரத் தொடங்கியபோது என் நெஞ்சே வெடித்துவிட்டது. கூட்டத்தின் நடுவே நின்று, கண்ணீர் மல்க வெள்ளைக் கைக்குட்டையை அசைத்தேன். அக்காவின் முகம் பனிமூட்டத்தில் கரைந்து மறைந்தது.’

ஒரு எழுத்துப்பிழை இல்லை. சந்திப்பிழைகூட இல்லை. இருபத்தாறு வருடம் தமிழ் படிப்பிக்கிற எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நான் சரிபார்க்கவே இல்லை என்று நினைக்க வேண்டாம். அதுதான் வேடிக்கை. புத்தகத்துக்கு ஒரு முன்னுரையையும் அதனிடமே கேட்டிருந்தேன். அதில், சங்கப் போராட்டத்தில் உயிர்விட்ட முல்லோயா கோவிந்தனை உடப்புசல்லாவைக்குக் கொண்டுபோய் 1942இல் சுட்டிருந்தது. கோவிந்தன் சுடப்பட்டது முல்லோயாத் தோட்டத்தில், 1940 ஜனவரி 10இல். மலையகத்தில் சங்கம் தெரிந்த எந்த வீட்டிலும் அது தெரியும். திருத்தினேன். பழைய ‘துண்டு’ முறையை, தோளில் போடும் துண்டு என்று நினைத்து ஒரு பந்தி வளர்த்திருந்தது. கடனைத் தாளில் எழுதித் தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் விற்ற அந்த முறை 1921இல் ஒழிந்தது. அதையும் திருத்தினேன். இன்னொருவருடைய கதையில், ‘ஆம்பளைங்க கவ்வாத்துக்குப் போவாங்க’ என்பதை ஆண்களுக்கு இராணுவப் பயிற்சி தரப்பட்டது என்று எழுதியிருந்தது. தேயிலைச் செடியை வெட்டிவிடப் போனவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்த அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். இப்படித் தெரிந்த இடத்திலெல்லாம் அதன் காதைப் பிடித்துத் திருகிவிட்டு, தெரியாத இடத்தில் அப்படியே நம்பினேன். கோவிந்தனைச் சரிபார்க்கப் புத்தகம் இருந்தது. பெரியம்மாவைச் சரிபார்க்க ஒரு பஸ் ஏறிப் போய் அவரிடமே கேட்டிருக்க வேண்டும்.

போகவில்லை. இயந்திரத்திடமே கேட்டேன். ‘இது மூலத்தில் உள்ளபடிதானா?’ ஆம், மூலத்தின் உணர்வுக்கு முழு விசுவாசமாக எழுதப்பட்டது என்றது. அதே வருடம் ஜூனில்தான் நியூயோர்க்கில் இரண்டு வக்கீல்களுக்கும் அவர்களுடைய நிறுவனத்துக்கும் நீதிபதி 5,000 டொலர் அபராதம் போட்டிருந்தார். ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உண்டாக்கிய தீர்ப்புகளை உண்மை என்று நம்பித் தாக்கல் செய்திருந்தார்கள். அந்த வக்கீலும் இந்தத் தீர்ப்புகள் உண்மையா என்று அதனிடமே கேட்டிருக்கிறார். உண்மை என்று அதுவும் சொல்லியிருக்கிறது. இதை ஆசிரியர் அறையில் நான்தான் விழுந்து விழுந்து சிரித்தபடி சொன்னேன். படித்த மனுசன் இப்படியா ஏமாறுவான் என்று.

புத்தகம் 2024 தொடக்கத்தில் வந்தது. 300 பிரதிகள். வெளியீட்டு விழா ஒரு சின்ன மண்டபத்தில். பெரியம்மா வெள்ளைச் சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். உயர்தரம் படிக்கிற அவருடைய பேத்தி மேடையேறி அம்மாயியின் கதையை வாசித்தாள். 31ஆம் பக்கம் வந்தபோது மண்டபம் அசையாமல் இருந்தது. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் கூட்டத்தின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

விழா முடிந்து பிளேன்டீயும் கடலையும் கொடுத்தார்கள். பெரியம்மா நாற்காலியை விட்டு எழும்பவில்லை. புத்தகம் மடியில் இருந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பேத்தி விட்ட பக்கத்தில் ஆட்காட்டி விரலை வைத்து அடையாளமாகப் பிடித்திருந்தார். கொழுந்து எடுத்து எடுத்து வெடித்த விரல், வெடிப்புகளில் கறை ஏறிக் கறுத்திருந்தது. கிட்டப் போய்க் குனிந்தேன்.

“தம்பி, நா கோச்சியடிக்குப் போகலயே.”

“சொன்னீங்களே பெரியம்மா. பேருக்குப் போனேன்னு சொல்லியிருக்கீங்க.”

“ஆமா. பேருக்குத்தான் போனேன்.”

நான் ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கோபமாக இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்குக் கணக்கு விளங்காதபோது நாம் பார்ப்போமே, அப்படி என்னைப் பார்த்தார். அதே சொல்லைத் திரும்பவும் சொன்னார், மெதுவாக.

“பேருக்குப் போனேன் தம்பி. மலைக்கு.”

எங்கள் மண்ணில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். காலையில் ஆள் சேர்க்கும் பெரட்டுக்குப் போய், கணக்கப்பிள்ளை செக்ரோல் பதிவேட்டில் உன் பேரைப் போட்டால் அன்றைக்கு அடுப்பு எரியும். தோட்டம் சொன்ன நிறை வராவிட்டால் அரைப்பேர். இந்தச் சொல்லை அகராதியில் படித்துத் தெரிந்துகொண்டவனா நான்? இதைத் தின்று வளர்ந்தவன். சாயங்காலம் அம்மா நனைந்த படங்கை இடுப்பிலிருந்து அவிழ்த்துக்கொண்டே, “இன்னிக்கி அரைப்பேருதாண்டா” என்று சொன்னால், ராத்திரி ரொட்டி பாதிதான் என்று அர்த்தம். அதை ஐந்து வயதிலேயே புரிந்துகொண்ட எனக்கு, ஐம்பத்திரண்டு வயதில், அச்சில் பார்த்தபோது புரியவில்லை. ‘பெயருக்காக’ என்று இயந்திரம் திருத்தியதைப் பார்த்து, நல்ல தமிழ் என்று தலையாட்டியிருக்கிறேன்.

“பஞ்ச வருசம் அது,” என்றார் பெரியம்மா. “ஒரு பேர் போனா ரெண்டு நாளைக்கு மாவு இல்ல. காலைலயே பெரட்டுக்குப் போயிட்டேன். கோச்சி ஊதுனது மலைக்கே கேட்டிச்சி. ஒங்கம்மா எனக்குப் பக்கத்து நெரையிலதான் நின்னிச்சி. ‘ஊதிருச்சி புள்ள’ன்னு சொன்னிச்சி. நா நிமுந்து பாக்கல. கொழுந்துதான் எடுத்துக்கிட்டு இருந்தேன்.”

அம்மா இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அன்றிரவு அந்த எழுத்தாக்கத்தைத் திறந்து தேடினேன். ‘கோச்சியடிக்கு நா பேருக்குப் போனேன்’ என்று இருந்தது. நாலே சொல். ‘கோச்சியடிக்கு’ என்று தொடங்கிய பெரியம்மா, அங்கே நிறுத்தியிருக்கிறார். எவ்வளவு நேரமோ தெரியாது. நான் இஸ்தோப்பில் பரீட்சை மண்டபத்து மேசை நாற்காலியை எண்ணிக்கொண்டிருந்த பத்து நிமிடத்துக்குள் எங்கேயோ அந்த இடைவெளி இருந்திருக்கிறது. ‘போகல’ என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை, சும்மா இருந்து சொல்லியிருக்கிறார். எதிரில் ஆள் உட்கார்ந்திருந்தால் அது விளங்கியிருக்கும். போனுக்கு விளங்கவில்லை. எழுத்தாக்கும் செயலி மௌனத்தை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு துண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டது.

சரி, ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்போம் என்று பார்த்தால், அது இல்லை. மருமகனின் போன் நிறைந்துவிட்டது என்று புத்தகம் அச்சுக்குப் போன வாரமே பத்துப் பதிவுகளையும் அழித்திருந்தேன். எழுத்துத்தான் கையில் இருக்கிறதே, சத்தம் எதற்கு என்று. மூன்று மணி நேரக் குரல். அதில் அவர் நடுவே பாடிய ஒரு தாலாட்டும் இருந்தது.

எங்கள் விஞ்ஞான மாஸ்டர் இந்த விசயங்களில் கெட்டிக்காரர். அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் கேட்டார்: “ஒரு சொல்லுக்குப் பிறகு வழக்கமா எந்தச் சொல் வரும்? அதைத்தான் அது கணக்குப் போடுது. ஸ்டேசன், அக்கா, இந்தியாப் பயணம்னு வந்தா, அடுத்தது என்ன வரும்?” கண்ணீர், கைக்குட்டை, பனிமூட்டம் என்றேன். “நீங்களே எழுதிட்டீங்களே,” என்றார். லயத்தில் எந்தப் பெண்ணிடமும் அந்தக் காலத்தில் வெள்ளைக் கைக்குட்டை இருந்ததில்லை. சினிமாவில் இருந்தது, கதைகளில் இருந்தது. அது படித்து வளர்ந்தது அவற்றைத்தான். தன் அக்கா நாட்டை விட்டுப் போகும்போது நிமிர்ந்தும் பார்க்காமல் கொழுந்து எடுத்த ஒருத்தி வழக்கத்தில் இல்லை.

இன்னொன்றும் காட்டினார். 2024இல் வெளியான ஓர் ஆய்வு. விஸ்பர் என்ற எழுத்தாக்கும் இயந்திரத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். கொடுத்த ஒலித்துண்டுகளில் நூற்றுக்கு ஒன்று அளவில், பேசியவர் சொல்லாத வாக்கியங்களை அதுவே சேர்த்திருக்கிறது. அதுவும் நோயால் சொல் வராமல் இடையில் அதிக நேரம் நிறுத்துகிறவர்கள் பேசும்போது கூடுதலாக. ஆள் நிறுத்திய இடத்தில் அது பேசத் தொடங்குகிறது. அதைப் படித்தபோது எனக்குப் பெரியம்மாவின் அடுப்படி ஞாபகம் வந்தது.

தமிழே இணையத்தில் குறைவுதான். விக்கிப்பீடியாவை எடுத்துக்கொண்டால் ஆங்கிலத்தில் 65 லட்சத்துக்கு மேல் கட்டுரைகள், தமிழில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதற்குள் லயத்துத் தமிழ் எவ்வளவு இருக்கும்? எங்கள் சொல் அதற்குத் தெரியவில்லை என்று இயந்திரத்தைக் குறைசொல்ல வாயெடுத்தேன். வாய் வரவில்லை. எத்தனை கட்டுரைக் கொப்பிகளில் ‘பேர்’ என்று பிள்ளைகள் எழுதியதைச் சிவப்புப் பேனையால் வெட்டி ‘சம்பளம்’ என்று போட்டிருப்பேன். பெரட்டு, காம்பரா, கோச்சி எல்லாவற்றுக்கும் அடிக்கோடு, ஓரத்தில் ‘பேச்சு வழக்கு’. இயந்திரம் பெரியம்மாவுக்குச் செய்ததை நான் 26 வருடமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்திருக்கிறேன். அதனால்தான் அதன் எழுத்து எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

திருத்தச் சீட்டை உடனே அடித்தேன். ‘அன்று நான் ஸ்டேசனுக்குப் போகவில்லை. மலைக்குப் போனேன்’ என்று பெரியம்மா சொன்னபடி. ஒட்டுவதற்கு முன் அவர் குரலை இன்னொரு தரம் முறையாகப் பதிந்துவிடலாம், இந்தமுறை பக்கத்திலேயே உட்கார்ந்து என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, வெட்கத்தில் மாதங்களைக் கடத்தினேன். 2024 டிசம்பரில், மழை விடாத ஒரு சனிக்கிழமை போனேன். புதுப் போன், ஒரு கொப்பி, இரண்டு பேனை.

“அக்கா போன அன்னிக்கி என்ன நடந்துச்சி பெரியம்மா? ஆறுதலாச் சொல்லுங்க.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கொஞ்சம் மேடைக் குரலில் தொடங்கினார்.

“அன்னிக்கிக் கோச்சியடிக்குப் போனேன் தம்பி. சரியான கூட்டம். கோச்சி நவுந்திச்சி. கண்ணுல தண்ணி ஊத்துது. வெள்ளக் கைக்குட்டைய இப்பிடி ஆட்டிக்கிட்டே நின்னேன். அக்கா மொகம் பனியில கரைஞ்சி போச்சி.”

என் பேனை கொப்பியில் நின்ற இடத்திலேயே நின்றது. கையை ஆட்டிக்கூடக் காட்டினார், கைக்குட்டை பிடித்த கை மாதிரி. நான் போனைப் பார்த்தேன். சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது, எல்லாம் பதிந்துகொண்டிருந்தது. வயது காரணமாக மறந்துவிட்டாரா, புத்தகத்தைப் பேத்தி வாசித்து வாசித்து அதுவே ஞாபகமாகிவிட்டதா என்று எனக்குள் பதறியது. புத்தகத்தில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற சனம் நாங்கள்.

அடுப்படியிலிருந்து பேத்தி என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். மெல்லிய குரலில் சொன்னாள். விழா முடிந்த கையோடு அவள் புத்தகத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் கூடலூருக்கு அனுப்பியிருக்கிறாள். நீலகிரியில், தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் தொடங்கி, பிறகு டான்டீ ஆன அந்தத் தேயிலைத் தோட்டத்தில்தான் அக்காவின் குடும்பம் போய்ச் சேர்ந்தது. அக்கா இப்போது இல்லை. அவருடைய மகள் 31ஆம் பக்கத்தை வாசித்துவிட்டு வீடியோ கோல் எடுத்திருக்கிறாள். “அம்மா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு சின்னம்மா, தங்கச்சி ஒரு எட்டு வந்து பாக்கலன்னு. நீங்க கூட்டத்துல நின்னு அழுதீங்களாமே. அது தெரியாமயே அம்மா போயிருச்சே” என்று தேம்பியிருக்கிறாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அழைப்பு வருகிறதாம். ஐம்பது வருடம் பேச்சுவார்த்தையே இல்லாதிருந்த குடும்பம்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். சட்டைப் பையில் திருத்தச் சீட்டு ஒன்று இருந்தது, அவருக்கு வாசித்துக் காட்டக் கொண்டுபோனது. அதை எடுக்கவில்லை.

பெரியம்மா என் முகத்தைப் பார்த்தார். மறதியெல்லாம் அவருக்கு இல்லை.

“இனிமே மாத்தாத தம்பி.”

“தப்பாப் போட்டுட்டேனே பெரியம்மா.”

“தப்புத்தான்.” வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். “அந்தப் புள்ள கேக்குறப்ப இல்லேன்னு எப்பிடிச் சொல்றது? நீ ஒருக்காக் கேட்டிருந்தா அப்பவே ஒழுங்காச் சொல்லியிருப்பேன்.” மழைச் சத்தத்தில் கொஞ்ச நேரம் போனது. பிறகு போனைக் காட்டினார். “அத அமத்து.”

அமத்தினேன். கொப்பியையும் மூடினேன். அன்றைக்கு அவர் ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை என்று சொன்னார். பேர் மட்டும் காரணமில்லை. அக்காவுக்கும் அவருக்கும் இடையில் இருந்த ஒன்று அது. ஒரு மணி நேரம் சொல்லியிருப்பார். நடுநடுவே நிறுத்தினார், நானும் சும்மா இருந்தேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

இந்தக் கட்டுரையை எழுதுமுன் போய் அனுமதி கேட்டேன். எழுதி முடித்தும் ஒருமுறை போய் வாசித்துக் காட்டினேன். உறவையும் ஊரையும் அங்கங்கே மாற்றியிருக்கிறேன். அக்காவோ அண்ணனோ, கூடலூரோ கோத்தகிரியோ, அந்தப் பிள்ளை வாசித்தாலும் தன் வீட்டுக் கதை என்று அடையாளம் காண முடியாதபடிக்கு. இந்த மாற்றங்களை நானே கையால் செய்தேன். மெதுவாகத்தான் வந்தது.

எல்லாம் கேட்டுவிட்டு பெரியம்மா சொன்னார்: “எழுதிக்க. எம்பேர மட்டும் போட்டுறாத.”

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது வருடம் பெரட்டுக் களத்தில் நின்று, “எம்பேரப் போடுங்க” என்று கணக்கப்பிள்ளையிடம் மல்லுக்கு நின்ற வாய்.